ஊருக்கு ஏற்ற தொழில் எது? சேலத்தையும் சேர்வராயன் மலையையும் வைத்து ஓர் எளிய விளக்கம்

"ஊருக்குள்ள ஒரு கம்பெனி வந்துட்டா போதும், பசங்க திருப்பூருக்கும் பெங்களூருக்கும் ஓட வேண்டியதில்ல." ஆத்தூர் பக்கம் போனாலும் ஓமலூர் பக்கம் போனாலும் காதில் விழும் பேச்சு இது. நியாயமான ஆசைதான். "என்ன கம்பெனி?" என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "எதுவா இருந்தா என்ன, வேலை கிடைச்சா சரி" என்பார்கள். இல்லாவிட்டால், "இங்க மாங்கா நல்லா விளையுது, அதனால மாங்கா கம்பெனி" என்பார்கள். முதல் பதிலில் ஊரைப் பற்றிய யோசனையே இல்லை. இரண்டாவதில் பாதி யோசனை இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஊரையும் தொழிலையும் பொருத்திப் பார்ப்பது ஊரக வளர்ச்சியில் தனியாகவே படிக்கப்படும் ஒரு விஷயம். அடிப்படையில் இரண்டு கேள்விகள். இந்தத் தொழில் இந்த ஊரில் தாக்குப்பிடிக்குமா? இந்த ஊர்மக்களுக்கு இந்தத் தொழில் வேண்டுமா? முதல் கேள்விக்குள் தண்ணீர், சாலை, மின்சாரம், கைத்திறன், சந்தை எல்லாம் அடங்கும். இரண்டாவதற்குள் கூலி, கழிவு, நாற்றம், யாருக்கு வேலை, லாபம் யார் கைக்குப் போகிறது என்பவை அடங்கும். ஒன்றுக்கு மட்டும் ஆமாம் என்று பதில் வந்தால் போதாது.

இந்த இரண்டுக்கும் முன்னால் ஒன்றைக் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். எந்தத் தொழிலும் ஒரே வேலை கிடையாது, பல கட்டங்கள் கொண்டது. விளைவிப்பது, முதல்கட்டமாகப் பக்குவம் செய்வது, முழுப்பொருளாக்குவது, பொட்டலம் போடுவது, விற்பது என்று நீளும். எல்லாக் கட்டமும் ஒரே ஊரில் உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை. "எங்கள் ஊருக்கு எந்தத் தொழில்?" என்று கேட்பதைவிட, "அந்தத் தொழிலின் எந்தக் கட்டம் எங்கள் ஊரில் நிற்கும்?" என்று கேட்டால் விடை சீக்கிரம் பிடிபடும்.

ஜவ்வரிசி எப்படிப் பொருந்தியது

சேலம் என்றதும் நினைவுக்கு வரும் ஜவ்வரிசி இந்த மண்ணின் பரம்பரைத் தொழில் அல்ல. ஜவ்வரிசிக்கு மூலப்பொருளான மரவள்ளியே தென் அமெரிக்கப் பயிர், நமக்குக் கேரளம் வழியாக வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் மலேயா பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோயின. வியாபார வேலையாகக் கேரளத்துக்குப் போய்வந்த சேலத்து மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியாருக்கு, பினாங்கில் இருந்து வந்த, தொழில் நுணுக்கம் தெரிந்த ஒருவரின் பழக்கம் கிடைத்தது. 1943 வாக்கில் சேலத்தில் உற்பத்தி தொடங்கியது. ஆரம்பம் தற்செயல்தான். நிலைத்ததற்கு மட்டும் காரணங்கள் உண்டு, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் பொருத்தம் என்பதன் பொருள் விளங்கும்.

மரவள்ளியை, அதாவது குச்சிக்கிழங்கை, தோண்டி எடுத்துவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்காது, உள்ளே கோடு விழுந்து கெட்டுப்போகும். அதனால் ஆலை வயலுக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர். நூறு கிலோ கிழங்கு ஆலைக்குள் போனால் ஜவ்வரிசியாக வெளியே வருவது இருபது, இருபத்தைந்து கிலோதான். தண்ணீரையும் தோலையும் லாரியில் ஏற்றித் தூரம் போக யாரும் வாடகை கொடுக்க மாட்டார்கள். பயிரோ மானாவாரியிலும் செம்மண்ணிலும் சமாளித்து வரும். அரைத்து, பாலை வடித்து, தொட்டியில் மாவைத் தெளியவிட்டு, குலுக்கி மணியாக்கி, வாட்டி எடுத்ததைக் களத்தில் காயவைக்க வெயில் வேண்டும். அது சேலத்தில் தாராளம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தமிழர்களே இல்லை. நமக்கு ஜவ்வரிசி பாயசமும் வடகமும்தான். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் அது விரத நாளின் சாப்பாடு. காய்ந்த ஜவ்வரிசி மூட்டையோடு அங்கே போய்ச் சேரும்வரை கெடாது. சேலம் ரயில் சந்திப்பும் நெடுஞ்சாலைகளும் அதற்குக் கைகொடுத்தன.

இவ்வளவும் சேர்ந்தும் ஒரு குறை இருந்தது. சிறுசிறு ஆலைகள் தனித்தனியாக வடநாட்டு வியாபாரியிடம் பேரம் பேச முடியவில்லை. 1981-ல் சேகோசர்வ் என்ற தொழிற்கூட்டுறவுச் சங்கம் வந்தது. உறுப்பினர் ஆலைகள் சரக்கைச் சங்கக் கிடங்கில் வைத்து, அதன்மீது முன்பணம் வாங்கிக்கொண்டு, ஏலத்தில் விற்கலாம். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விற்கும் கட்டத்துக்கு ஓர் அமைப்பு இல்லாமல் உற்பத்திக் கட்டம் நீண்டநாள் நிற்காது என்பதைச் ஜவ்வரிசி ஆலைகளைப் போலத் தெளிவாகக் காட்டும் உதாரணம் நம் மாவட்டத்தில் வேறில்லை.

இனி இரண்டாவது கேள்வி, ஊருக்கு இது வேண்டுமா என்பது. ஆலை வாசலில் கிழங்கு எடைபோடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் இது புரியும். வண்டியிலிருந்து மாதிரிக்கு எடுத்த கிழங்கைச் சாதாரணமாக ஒருமுறையும், தண்ணீரில் அமிழ்த்தி ஒருமுறையும் எடைபோடுவார்கள். மாவுச்சத்து அதிகமுள்ள கிழங்கு அடர்த்தியாக இருக்கும், தண்ணீருக்குள்ளும் எடை காட்டும். அதிலிருந்து வருவதுதான் "பாயின்ட்". விலை அந்தப் பாயின்ட்டின் மேல்தான் நிற்கிறது. எட்டு முதல் பத்து மாதம் வளர்த்த பயிருக்கு அந்த ஒரு நிமிடத்தில் விலை முடிவாகிறது. தராசு வாங்குகிறவர் கையில் இருக்கிறது, கிழங்கோ மறுநாள் திரும்பக் கொண்டுபோய் வைக்க முடியாத பொருள். விவசாயி பேரம் பேசும் பலத்தை எங்கே இழக்கிறார் என்று கண்ணுக்கு நேராகத் தெரியும் இடம் அது. ஒரு தொழில் ஊருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும்போது "வேலை எத்தனை பேருக்கு?" என்பதோடு "தராசு யார் கையில்?" என்பதையும் கேட்டாக வேண்டும்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. கிழங்கைக் கழுவவும் மாவைப் பிரிக்கவும் நிறையத் தண்ணீர் செலவாகும். வெளியேறும் கழிவுநீரை அப்படியே விட்டால் நாறும், ஓடையும் கிணறும் கெடும். அதே கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து ஆலைக்கே பயன்படுத்திக்கொள்வது பல இடங்களில் வந்துவிட்டது, மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பி மாட்டுத்தீவனமாகப் போகிறது. அப்படியும், புதிதாக ஓர் ஊருக்கு ஆலை வரும்போது நிலத்தடி நீர் எவ்வளவு, கழிவு எங்கே போகும் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஒரே பயிரை நம்பிய ஊருக்கு வரும் ஆபத்தையும் நாம் பார்த்துவிட்டோம். 2020-ல் இந்தியாவுக்குள் வந்த மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் வயல்களைப் பதம்பார்த்தது. பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கி வயல்களில் விட்ட பிறகுதான் நிலைமை கைக்குள் வந்தது. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருப்பது இப்படிப்பட்ட நேரத்தில் எவ்வளவு பெரிய பலம் என்று அப்போது தெரிந்தது. பொருத்தம் பார்க்கும் பட்டியலில் ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

எடை எங்கே குறைகிறது?

ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெபர் 1909-ல் தொழிற்சாலைகள் எங்கே அமையும் என்பதற்கு ஒரு விதி சொன்னார். செய்முறையில் எடை குறையும் பொருளென்றால் ஆலை மூலப்பொருளுக்குப் பக்கத்தில் நிற்கும். எடை கூடும் பொருளென்றால், அல்லது செய்து முடித்தபின் சீக்கிரம் தரம் கெடும் பொருளென்றால், வாங்குகிறவருக்குப் பக்கத்தில் போகும். ஜவ்வரிசி முதல் வகை. ரொட்டியும் சோடாவும் இரண்டாவது வகை. எந்த ஊரிலும் முதலில் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. பேப்பரும் பென்சிலும் போதும்.

எடையை மிஞ்சும் சக்தி ஒன்று உண்டு, அது மின்சாரம். சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டினார்கள். அலுமினியம் செய்த மால்கோ ஆலை நின்றது மேட்டூரில். ஒரு டன் அலுமினியம் எடுக்கப் பதின்மூன்றாயிரம் யூனிட்டுக்குக் குறையாமல் மின்சாரம் வேண்டும், மேட்டூரிலோ அணையும் மின்நிலையமும் இருந்தன. மலைக்கு மிஞ்சியது வெட்டும் கூலியும் வெட்டிய பள்ளமும். "எங்கள் ஊரில் கனிமம் இருக்கிறது" என்பது மட்டும் ஊருக்கு வளம் சேர்த்துவிடாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று தேட வேண்டாம்.

கஞ்சமலையும் அதே கதைதான், சற்று வேறு விதமாக. மலை நிறைய இரும்புத்தாது இருக்கிறது என்பதுதான் சேலத்துக்கு உருக்காலை கேட்டவர்களின் பெரிய வாதம். அந்தத் தாதுவில் இரும்பின் அளவு குறைவு, நேராக உலையில் போட முடியாது. 1981-ல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை, வெளியிலிருந்து வந்த சுருள்களை உருட்டித் துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்யும் ஆலையாகத்தான் எழுந்தது. சொந்தமாக எஃகு உருக்கும் பிரிவு வந்தது 2010-ல்தான்.

வெள்ளிக் கொலுசுக்கு இந்த எடைக் கணக்கே வேண்டாம். எடை சொற்பம், மதிப்பு அதிகம். செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றியும் பனங்காடு, சிவதாபுரம் பக்கத்திலும் வீட்டுத் திண்ணையிலேயே வேலை நடக்கிறது. ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், ஒரு வீட்டில் சங்கிலி கோப்பார்கள், இன்னொரு வீட்டில் பற்றவைப்பார்கள், மெருகு போடுவது வேறொருவர். வெள்ளியை எடைபோட்டுக் கொடுத்து எடைபோட்டு வாங்குவார்கள். சேலத்தில் வெள்ளி விளையவில்லை, கைத்திறனும் நம்பிக்கையும்தான் விளைந்திருக்கின்றன. நிலமில்லாத, தண்ணீரில்லாத ஊருக்கு எது பொருந்தும் என்று கேட்கிறவர்கள் இந்த வகைத் தொழிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு வட்டாரத்தில் கைத்திறன் குவிந்திருக்கிறதா என்று அளக்க எளிய கணக்கு இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் நூறு தொழிலாளர்களில் பன்னிரண்டு பேர் நெசவு செய்கிறார்கள், மாநிலம் முழுக்க நூற்றுக்கு மூன்று பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் நான்கு. ஒன்றுக்குமேல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு குவிந்திருக்கிறது என்று பொருள். இளம்பிள்ளை, தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பக்கம் இந்தக் கணக்கைப் போட்டால் நெசவுக்குப் பெரிய எண் வரும் என்பதைத் தறிச் சத்தமே சொல்லிவிடும். இந்த எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. கூலி கட்டுப்படியாகாமல் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தொழிலிலும் எண் பெரிதாகத்தான் இருக்கும்.

மலைக்கு மேலே

ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். சுமார் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் நிழலில் அரபிகா, மரத்தின் மேல் மிளகுக்கொடி. பெரிய எஸ்டேட்டுகளிடம் எல்லாக் கட்டத்துக்கும் வசதி இருக்கிறது. நாகலூர், வெள்ளக்கடை பக்கத்துச் சின்னச் சின்ன ஊர்களில் ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் நிலை அப்படி இல்லை. பழமாகவே பறித்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது, அதற்கு மேல் வரும் மதிப்பெல்லாம் வேறு யாருக்கோ.

கட்டம் கட்டமாகப் பிரிப்போம். ஐந்தாறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ சுத்தக் கொட்டை வருகிறது. எடை இவ்வளவு குறைவதால் அந்தக் கட்டம் மலையில்தான் நடக்க வேண்டும். தோல் உரித்து, ஊறவைத்து, கழுவி எடுக்கும் பார்ச்மென்ட் காபிக்கு விலை நன்றாக இருக்கும். ஆனால் பழத்தை அன்றன்றே பல்ப்பர் எனும் தோல் உரிக்கும் இயந்திரத்தில் போட வேண்டும், தண்ணீர் வேண்டும், புளித்த கழுவுநீர் ஓடையில் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழத்தை அப்படியே வெயிலில் காயவைக்கும் செர்ரி முறைக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. களமும் இரண்டு வாரம் நல்ல வெயிலும் போதும், விலை சற்றுக் குறையும். பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் கெடாது. வறுத்து அரைத்த தூளோ சில வாரங்களில் மணம் இழந்துவிடும். அதனால் வறுக்கும் கட்டம் குடிக்கிறவர்கள் பக்கம், அதாவது கீழே சேலம் டவுனுக்கு இறங்கிவிடும். இதில் ஏற்காட்டுக்கு மட்டும் ஒரு சலுகை. சீசனில் குடிக்கிறவர்களே இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறார்கள். சிறிய வறுவல் இயந்திரம் ஒன்று அங்கே பிழைக்கும். ஒவ்வொரு ஊரிலும் ஒன்று பிழைக்காது.

சாமையையும் இதே போலப் பாருங்கள். உமியோடு விற்றால் ஒரு விலை, தீட்டி அரிசியாக விற்றால் வேறு விலை. தீட்டும் இயந்திரம் சிறியது, தண்ணீர் வேண்டாம். உரலில் குத்திக்கொண்டிருந்த பெண்களின் முதுகும் தோளும் தப்பும். இதைச் சாதாரண ஆதாயமாக நான் நினைக்கவில்லை. உமி நீக்கிய அரிசி நெடுநாள் வைத்திருந்தால் சிக்கு வாடை வந்துவிடும் என்பதால், ஆர்டர் வரும்போது தீட்டுவதுதான் சரி. ஊரிலேயே இயந்திரம் இருந்தால்தான் அது முடியும்.

காபி பல்ப்பரா, சாமை மில்லா? இங்கேதான் ஊரின் விருப்பத்தை எண்ணாக்கும் முறை உதவுகிறது. தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞர் 1970-களில் உருவாக்கியது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடைபோடச் சொன்னால் யாருக்கும் தலை சுற்றும். இரண்டிரண்டாகக் கேட்டால் யாரும் பதில் சொல்வார்கள். "தண்ணீரைக் காப்பது பெரிதா, வருமானம் பெரிதா? எத்தனை மடங்கு?" என்று கேட்க வேண்டும். ஊற்று வற்றிக்கொண்டிருக்கும் ஓர் ஊர், தண்ணீர் வருமானத்தைவிட இரண்டு மடங்கு முக்கியம், வருமானம் ஆண்டு முழுக்க வேலை கிடைப்பதைவிட இரண்டு மடங்கு முக்கியம் என்கிறது என்று வைப்போம். அப்படியானால் முக்கியத்துவத்தின் எடை தண்ணீருக்கு நான்கு, வருமானத்துக்கு இரண்டு, வேலைக்கு ஒன்று. ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டால், பல்ப்பருக்குத் தண்ணீரில் 1, வருமானத்தில் 5, வேலையில் 2. பெருக்கிக் கூட்டினால் 16. சாமை மில்லுக்கு 5, 3, 3. மொத்தம் 29. சாமை மில்தான்.

வற்றாத ஓடை உள்ள பக்கத்து ஊர் வருமானத்துக்கு நான்கு, வேலைக்கு இரண்டு, தண்ணீருக்கு ஒன்று என்று எடை கொடுக்கிறது. மதிப்பெண்ணைத் தொடாமல் எடையை மட்டும் மாற்றினால் பல்ப்பருக்கு 25, சாமைக்கு 23. விடை மாறிவிட்டது. இந்த எண்களெல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஒரே மலையில், மூன்று மைல் இடைவெளியில், இரண்டு ஊருக்கு இரண்டு விடை சரியாக இருக்க முடியும் என்பதைக் கவனியுங்கள். மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து "மலைக்கு இந்தத் தொழில்" என்று ஒரே உத்தரவு போடுவது ஏன் தோற்கிறது என்பதும் இதிலேயே தெரியும்.

எடை கொடுக்கும் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் விடையை மாற்றும். நிலம் வைத்திருப்பவர்கள் மட்டும் பேசினால் வருமானம் மேலே போகும். குடம் தூக்குகிறவர்களும் பேசினால் தண்ணீர் மேலே வரும். இதற்குக் கிராம சபையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பெண்கள் தனியாகக் கூடிப் பேசி, தங்கள் எடையைத் தனியாக எழுதித் தருவது இன்னும் நல்லது.

ஜப்பானின் ஒய்தா மாகாணத்தில் ஓயாமா என்ற மலையூர் இதை 1961-லேயே செய்தது. நெல்லுக்கு ஏற்ற சமநிலம் அங்கே குறைவு. அரிசியை விட்டுப் பிளம், செஸ்நட் மரங்களுக்கு மாறினார்கள். ஒரு மரத்தின் வருமானத்தோடு நிற்காமல் ஊறுகாய், காளான் என்று அடுத்தடுத்த கட்டங்களை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்துத்தான் மாகாண ஆளுநர் மோரிஹிகோ ஹிராமட்சு 1979-ல் "ஒரு கிராமம் ஒரு பொருள்" இயக்கத்தைத் தொடங்கினார். இன்று நம் நாட்டில் மாவட்டத்துக்கு ஒரு பொருள் என்று பேசுவதற்கு மூலம் அதுதான். ஊர் அளவில் எடுத்த முடிவு மாவட்ட அளவுக்கு வரும்போது நீர்த்துவிடக் கூடாது என்பதே என் கவலை. சேலத்துக்கு ஜவ்வரிசி என்று எழுதிவிட்டால் ஏற்காட்டு மலைக்கு அதில் என்ன இருக்கிறது?

எங்கே தொடங்குவது

மானியம் எதற்குக் கிடைக்கிறது என்று பார்த்துத் தொழிலைத் தேர்ந்தெடுப்பதுதான் நான் காணும் பெரிய கோளாறு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் ஊரகப் பகுதியில் பொதுப்பிரிவினருக்குத் திட்டச் செலவில் 25 சதவீதமும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் போன்றோருக்கு 35 சதவீதமும் மானியம் உண்டு, விண்ணப்பத்தை மாவட்ட தொழில் மையத்தில் கேட்கலாம். நல்ல உதவிதான். ஆனால் மானியம் ஒரு முறை வரும், மின்கட்டணம் மாதாமாதம் வரும். முதலில் பொருத்தம், பிறகு மானியம்.

பத்துப் பேர் சேர்ந்தால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்யலாம். கிழங்கானாலும் காபியானாலும் தராசு நம் பக்கம் கொஞ்சமாவது சாய அதுவே வழி. இயந்திரத்தை உடனே வாங்க வேண்டாம். ஓர் அறுவடைக் காலத்துக்கு வாடகைக்கு எடுங்கள், அல்லது ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் கூலிக்கு அரைத்து வாங்குங்கள். எத்தனை கிலோ போட்டோம், எத்தனை கிலோ வந்தது, கரண்டு எவ்வளவு, ஆள்கூலி எவ்வளவு, தண்ணீர் எத்தனை குடம், யார் வாங்கினார்கள், பணம் எத்தனை நாளில் கைக்கு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைசியில் சொன்னதை மறந்துவிடாதீர்கள், சிறுதொழில்கள் அதிகம் மூச்சுத் திணறுவது அந்த இடத்தில்தான். அந்த நோட்டோடு வங்கிக்குப் போனால் மேலாளர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கும்.